களப்புக்கரையில் இராத்தங்கும் யாத்திரை

கோயிலை நோக்கிக் கால்நடையாகச் செல்வதும், வழியில் நீர்க்கரைகளில் இராத்தங்கி விடியுமுன் எழுந்து மறுபடி நடப்பதும் வன்னிப் பெருநிலத்தின் நெடுநாள் வழக்கம். பரந்தன் சந்தியில் நின்றால் அந்த வழக்கத்தின் திசைகள் எல்லாம் பிடிபடும். வடக்கே ஏ9 வீதி ஆனையிறவுக் களப்பைக் கடந்து யாழ்ப்பாணம் போகிறது. தெற்கே கிளிநொச்சி, அதற்கப்பால் வட மாகாணத்தின் மிகப் பெரிய குளமான இரணைமடுவும் அதனருகே கனகாம்பிகை அம்மன் கோயிலும். மேற்கே பூநகரி வீதியால் போய் மன்னார்ப் பக்கம் திரும்பினால் மடுமாதாவை அடையலாம். கிழக்கே கண்டாவளைப் பக்கம் புளியம்பொக்கணை நாகதம்பிரான் இருக்கிறார். அதே கிழக்குத் திசையில் ஏ35 வீதி முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி, நந்திக்கடல் களப்பைத் தொட்டு முல்லைத்தீவில் முடிகிறது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு நீர்நிலை, அதன் அருகே ஒரு தெய்வம்.

இந்த வழக்கத்துக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்றால் அவனைத் தேடி ஓர் இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்பது ஒன்று. போகத்தான் வேண்டும் என்றாலும், பஸ் ஓடுகிற வீதியில் ஏன் நடக்க வேண்டும், வீடு இருக்கும்போது ஏன் வெட்டவெளியில் படுக்க வேண்டும் என்பது மற்றது. சமய நூல்கள் முதற்கேள்விக்கு நிறையவே விடை சொல்லியிருக்கின்றன. இரண்டாவதை அவை பெரும்பாலும் நடப்பவர்களின் கால்களுக்கே விட்டுவிட்டன.

கண்முன் வைத்துப் பார்க்க வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைவிட நல்ல இடமில்லை. நந்திக்கடலின் மேற்குக் கரையில் அது இருக்கிறது. மதுரையை எரித்தபின் கண்ணகி கடல் கடந்து ஈழத்துக்கு வந்து ஊரூராகத் தங்கிப் போனாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளையாகிப் பின் வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஊரவர் சொல்வர். களப்போரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியன்கள் அங்கே ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது. விளக்கேற்றச் சொன்னாள். "எண்ணெய் இல்லையே ஆச்சி" என்றார்கள். "கடல் தண்ணியை அள்ளி ஊத்துங்கோ பிள்ளையள்" என்றாள். ஊற்றித் திரியைக் கொளுத்தினார்கள், எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். கூந்தலை விலக்கிய பிள்ளைகள் தலை முழுவதும் கண்களாக இருப்பதைக் கண்டு நடுங்கினார்கள். வைகாசித் திங்களில் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டு அவள் மறைந்தாள்.

கதை கேட்டவுடன் மனதில் நிற்பது உப்புநீரில் எரிந்த விளக்குத்தான். ஆனால் கேள்விக்கு உதவுவது வேறொன்று. இங்கே தெய்வம் ஓரிடத்தில் வீற்றிருந்து அடியார் வரவைப் பார்த்திருக்கவில்லை. அவளே வழிநடந்து களைத்தவள். களப்புக்கரையில் இரவு தங்க இடமும் ஒரு பிடி சோறும் கேட்டு வந்தவள். வற்றாப்பளைக்கு நடப்பவர் அவள் நடந்ததைத் தாமும் நடக்கிறார். அவள் படுத்த கரையில் தாமும் படுக்கிறார்.

கதையை ஆண்டுதோறும் சடங்கு திரும்ப நடத்துகிறது. வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்பு பாக்குத்தெண்டல் என்ற சடங்கு நடக்கும். பொங்கலுக்கு ஒரு கிழமை முந்தி முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, அதை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். அங்கே அந்தக் கடல்நீரிலேயே விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகரிடம் பொங்கல்; பின்பு மடைப்பண்டம் எடுத்துக்கொண்டு வற்றாப்பளைக்குச் சென்று திங்களன்று அம்மனுக்குப் பொங்கல். கிளிநொச்சியிலும் பரந்தனிலும் இருந்து வரும் குடும்பங்கள் ரக்டர்ப் பெட்டியில் பானை, விறகு, பாய், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முதல்நாளே வந்துவிடுவதுண்டு. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் நடந்து வருவார்கள். களப்பிலிருந்து வரும் காற்று அடுப்பை அணைக்கப் பார்க்கும். மூன்று கல் வைத்து, காற்றுப் பக்கம் பாயைச் சுருட்டி நிறுத்தி, பெண்கள் தீயைக் காப்பார்கள். பாலைப்பழக் காலம் அது. பழத்தைத் தின்ற பிள்ளைகளின் உதடு பாலில் ஒட்டிக்கொள்ளும். கச்சான் விற்பவர்களின் விளக்கு வரிசை விடியும்வரை அணையாது.

கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குள் ஏற்பதில் எல்லாருக்கும் உடன்பாடு இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமணக் கதை ஒன்றின் தலைவியைச் சைவர் வழிபடுவதை ஆறுமுக நாவலர் கண்டித்தார். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பின்னர் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வன்னியும் மட்டக்களப்பும் கண்ணகியைக் கண்ணகியாகவே வைத்துக்கொண்டன. அரசனிடம் போய் நீதி கேட்ட ஒரு பெண்ணை வேறு பெயருக்குள் மறைக்காமல் விட்டது வன்னிக்குப் பெருமை.

இனி முதற்கேள்வி. தலயாத்திரையை மறுக்கும் குரல் தமிழ்ச் சைவத்துக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. சிவவாக்கியர் கல்லையும் தீர்த்தத்தையும் சுற்றுவோரைக் கடுமையாகச் சாடினார். திருமூலர் உடம்புக்குள்ளேயே கோயிலைக் கண்டார். கங்கையிலும் காவிரியிலும் குமரியிலும் மூழ்கி என்ன பயன், இறைவன் எங்கும் உளன் என்பதை உணராதபோது என்று கேட்டவர், ஊரூராக நடந்து பதிகம் பாடிய, அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரே. இது முரண்போலத் தோன்றும். அப்பர் நடப்பதை விடவில்லை. நடந்தால் போதும் என்ற எண்ணத்தைத்தான் மறுத்தார். நடந்து பார்த்த ஒருவர்தான் அதைத் துணிந்து சொல்ல முடியும்.

மடங்களிலும் பிரசங்கங்களிலும் வழக்கமாகச் சொல்லப்படும் விடை பசுவின் பால். பால் பசுவின் உடல் முழுவதும் இருந்தாலும் மடியில்தான் சுரக்கும்; அதுபோல் எங்கும் உள்ள இறைவன் தலங்களில் வெளிப்படுகிறான் என்பது. இதைவிட ஆழமான விடை 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் இருக்கிறது. மலம் நீங்கிய ஞானியும் அடியாரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவன் என்றே தொழுவார் என்று அது முடிகிறது. ஞானம் வரும்வரைக்கும் கோயில், வந்தபின் வேண்டாம் என்று பலர் நினைப்பது இங்கே செல்லாது. நூலின் கடைசிச் சூத்திரம் ஞானியைத் தனியே ஒரு குகையில் விடவில்லை. மனிதர்களோடு கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அடியாரும் ஆலயமும் ஒரே சூத்திரத்தில் அருகருகே வருவது கவனிக்கத்தக்கது. இடம் மட்டும் புனிதமில்லை; அங்கே கூடும் ஆட்களும் புனிதம்.

சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் அப்பரின் கயிலை யாத்திரை இக்கேள்வியை வாதத்தால் அன்றி ஓர் உடம்பால் எழுப்புகிறது. முதுமையில் அப்பர் கயிலைக்குப் புறப்படுகிறார். பாதம் தேய்கிறது, கையால் ஊன்றுகிறார். கை தேய்கிறது, மார்பால் நகர்கிறார். அதுவும் முடியாமல் உருள்கிறார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடர் போகக்கூடிய இடமில்லை, திரும்பிப் போ என்கிறான். அப்பர் மறுக்கிறார். பின்பு அங்கிருந்த பொய்கையில் மூழ்கப் பணிக்கப்படுகிறார். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கே கண்ட ஒவ்வோர் உயிர்ச்சோடியிலும் சிவனும் உமையும் தெரிந்தார்கள்.

கயிலை திருவையாற்றிலேயே இருந்தது என்றால் அந்த நடை வீண்தானா? வீணென்று சேக்கிழார் நினைக்கவில்லை. நடக்காமல் திருவையாற்றிலேயே இருந்திருந்தால் அப்பர் கண்டிருக்கக்கூடியவை வழக்கம்போல ஒரு களிறும் பிடியும், ஒரு கோழியும் பேடையுமே. எங்கும் இருப்பதைக் காணும் கண் வழியில்தான் தேய்த்துத் துலக்கப்பட்டது. எங்கும் நிறைந்தவன் என்பது யாத்திரைக்கு எதிரான வாதம் என்று எடுத்துக்கொள்வோர் அதை யாத்திரையின் தொடக்கத்தில் வைக்கிறார்கள். அப்பரின் கதை அதை முடிவில் வைக்கிறது. இவ்வொழுங்கே சரி.

இன்றும் கயிலைக்குப் போவோர் மானசரோவர் ஏரிக்கரையில் தங்குகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் உள்ள அந்த நன்னீர் ஏரியை இந்துக்கள், பௌத்தர், சமணர், திபெத்தின் பழைய பொன் சமயத்தார் ஆகிய நால்வரும் வணங்குகின்றனர். கயிலையை வலம்வரும் பாதை 52 கிலோமீற்றர் அளவு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். பொன் சமயத்தார் மட்டும் மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுவர். எதிரெதிரே நடப்போர் வழியில் ஒருவரை ஒருவர் சந்திக்கிறார்கள். யார் சரியான திசையில் போகிறார் என்பதை அந்த மலை தீர்த்துவைத்ததில்லை.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது ஏன் நடக்க வேண்டும், ஏன் வெளியில் படுக்க வேண்டும் என்பதற்கு, பசுவின் பால் உவமை பயன்படாது. மடியிலிருந்து பால் கறக்கப் பஸ்ஸிலும் போகலாம். வழக்கமான விடை துறவு. வீட்டையும் வசதியையும் சில நாள் விட்டு, கையில் ஒரு பையும் தோளில் ஒரு துண்டுமாகப் பிறர் இட்டதை உண்டு வாழ்ந்து, பற்றுத் தளரப் பழகுவது. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை கிழக்குக் கரையோரமாக நடக்கும் பாதயாத்திரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. போரால் துண்டுபட்டு, போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்து மறுபடி நடைபெறும் இந்த யாத்திரை ஒன்றரை மாதத்துக்கும் மேல் நீளும். வன்னிக்குள் வந்து வற்றாப்பளையில் தங்கிப் போவது அதன் வழமை. வேலேந்தி ஒருவர் முன்னே செல்வார். வயது, தொழில், சாதி எதுவானாலும் வழியில் எல்லாருக்கும் ஒரே பெயர்: சாமி. பேத்தியைக் கையில் பிடித்து நடக்கும் கிழவியும் சாமி, பேத்தியும் சாமி. "சாமி, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று படலையைத் திறந்து கூப்பிடும் வீட்டுக்காரருக்கு அவர்கள் ஊர் பேர் தேவையில்லை. சாதி பார்த்து வாசலில் நிறுத்திய ஒரு சமூகத்தில், சில கிழமைகளுக்காவது எல்லாரும் ஒரே விளிப்பெயருக்குள் வருவது சிறிய காரியமில்லை. சில கிழமைகளோடு அது முடிந்துபோவது குறைதான். அந்தக் குறையை யாத்திரை போகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தீர்க்க வேண்டும்.

ஆயினும் துறவு என்ற விடை வன்னியில் தடுமாறுகிறது. ஏ35 வீதி யாத்திரை வீதி மட்டுமில்லை. 2009 ஜனவரித் தொடக்கத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்திடம் வீழ்ந்தபின், வன்னிச் சனம் போனது இந்த வீதியால்தான். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு என்று, கோயிலுக்கு நடப்பவர்கள் இளைப்பாறும் அதே ஊர்களில் தறப்பாள் கொட்டில் போட்டு, சில நாளில் பிடுங்கி, மறுபடி போட்டு, கடைசியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே முள்ளிவாய்க்கால் மணலில் ஒடுங்கினார்கள். வீட்டுக் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் ரக்டரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள் வழிநெடுக ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, முடிவில் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு களப்பைக் கடந்தார்கள். பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலும் எறிகணைகள் விழுந்தன. மே 18 அன்று எல்லாம் முடிந்தது.

இப்படி எல்லாம் பறிபோனவரிடம், யாத்திரை பற்றறுக்கப் பழக்கும் என்று சொல்வதில் பொருளில்லை. வெளியில் படுப்பதும் பிறர் தந்த கஞ்சியைக் குடிப்பதும் அவர்களுக்கு நோன்பாக வந்தவை அல்ல. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: அதே வீதி, அதே மூட்டை, அதே தறப்பாள், அதே களப்புக் காற்று. ஒன்றை யாத்திரை என்றும் மற்றதை இடம்பெயர்வு என்றும் பிரிப்பது எது என்பதே வன்னி இந்தத் தத்துவக் கேள்வியோடு புதிதாகச் சேர்த்திருக்கும் பகுதி. யாத்திரை போகிறவருக்குப் போகும் இடம் தெரியும். திரும்பும் நாள் தெரியும். எங்கே படுப்பது என்று அவரே முடிவு செய்கிறார். நடு இரவில் பிள்ளை அழுதால் அழவிடலாம். இடம்பெயர்ந்தவருக்கு இந்த நான்கும் இல்லை. ஆகவே வன்னியில் நடந்து போகும் யாத்திரை எதையும் விடுவதற்காக இல்லை. பறிக்கப்பட்ட ஒன்றைத் திரும்ப எடுப்பதற்காக. துரத்தப்பட்டு ஓடிய வீதியில் சொந்த விருப்பத்தோடு, ஆறுதலாக, வைகாசிக்கு வைகாசி நடக்கும்போது வீதி மறுபடியும் நடப்பவருடையதாகிறது.

துயரத்தின் குடிசையைச் சடங்கின் குடிசையாக மாற்றுவது வேறு மக்களிடமும் உண்டு. எகிப்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் அலைந்த முன்னோரை நினைத்து யூதர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் தற்காலிகக் கொட்டில்களில் உண்டும் உறங்கியும் சுக்கோத் பண்டிகையைக் கொண்டாடுகின்றனர். கூரை இலைதழையால் வேயப்பட வேண்டும் என்பது விதி. அதன் இடுக்குகளால் விண்மீன் தெரிவது நல்லது என்பர். இவ்வளவு தொலைவு போகாமலும் காணலாம். மடுமாதாவின் திருச்சொரூபம் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்டது என்பது கத்தோலிக்கரின் மரபு. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அது தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்டில் திரும்பியது. ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடுக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் வன்னிக் குடும்பங்கள் தம்மைப்போலவே அகதியாக அலைந்த ஒரு தாயிடம் வருகின்றன. களப்புக்கரைக் கண்ணகியும் காட்டு மாதாவும் இந்த ஒன்றில் அக்கா தங்கைகள்.

எங்கும் நிறைந்தவன் என்ற சொல் நந்திக்கடற்கரையில் மிகப் பாரமாகிறது. எங்கும் என்றால் முள்ளிவாய்க்காலிலும். அன்று அவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒரு தாய் கேட்டால், சைவ சித்தாந்தத்திடம் வினைக் கொள்கை ஆயத்தமாக இருக்கிறது. அதை அவளிடம் எடுத்து நீட்டுவது முறையன்று. வினை என்பது ஒருவர் தம் வாழ்வைத் தாமே எண்ணிப் பார்ப்பதற்கு உரிய கருத்து. அடுத்தவர் இழப்புக்கு விளக்கம் சொல்ல அதைப் பயன்படுத்துவோர் குண்டு போட்ட கையை மறைத்துவிடுகிறார்கள். கண்ணகியின் கதை அவ்வாறு செய்வதில்லை. பழைய கதையில் கணவன் கோவலனின் சாவுக்கு முற்பிறப்பு வினை காரணமாகச் சொல்லப்பட்டாலும், கண்ணகி அதோடு அமைந்துவிடவில்லை; சிலம்போடு அரசவைக்குப் போனாள். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மாரும் அவ்வாறே செய்தார்கள். வீதியோரத்தில் இரவும் பகலும் தங்கி அவர்கள் நடத்திய போராட்டத்தை யாத்திரை என்று யாரும் அழைக்கவில்லை. வற்றாப்பளைக் கதையை நம்புகிறவர் அதையும் அம்மனின் வழி என்றே கொள்ள வேண்டும்.

உப்புநீர் விளக்கைப் பற்றி ஒரு சொல். கடல்நீரில் திரி எரியுமா என்று சோதிப்பது இதன் பொருளை விளங்கிக்கொள்ள உதவாது. கதை சொல்வது, கேட்டவளிடம் எண்ணெய் இல்லை என்று கையை விரிக்காமல், இருந்ததை அள்ளி ஊற்றினார்கள் என்பதே. களப்புக்கரையில் இருந்தது உப்புத் தண்ணீர். 2009க்குப் பின் மீள்குடியேறிய சனம் திரும்பி வந்து முதலில் பொங்கியபோதும் கையில் அதிகம் இருக்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் காலை வற்றாப்பளை வெளியில் அடுப்புக் கற்கள் கரிபிடித்துக் கிடக்கும். தறப்பாள்களை உதறி மடித்து, பானைகளைக் கவிழ்த்துக் கட்டி, நித்திரை தெளியாத பிள்ளைகளைப் பெட்டிக்குள் ஏற்றுவார்கள். பரந்தன் பக்கத்து ரக்டர்கள் மத்தியானத்துக்கு முன் வீடு சேர்ந்துவிடும். கதிர்காமத்துக்கு நடக்கும் சாமிமாருக்குத் தெற்கே திருகோணமலை வழியாக இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நடை இருக்கிறது.